எல்லாருக்கும் தெரிந்த ஒரே இடம்

நடுக்கடலில் பிரகாசம் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், வள்ளத்தின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் வாளி உருண்டு இந்தப் பக்கம் வந்தது. பிறகு அந்தப் பக்கம் போனது. மைமூன் வட்டலப்பம் இருந்த தூக்குச்சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ரீத்தா மட்டும் சொந்த வீட்டில் இருப்பவள்போலக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். புன்னைக்காயல் அவள் பிறந்த ஊர். வள்ளம் ஓட்டியவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நமக்குக் கீழ ஒரு பார் கிடக்கு. நம்ம கோயில் அளவுக்குப் பெருசு,” என்றார் அண்ணன்.

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி எடுத்ததும் இப்படிப்பட்ட பார்களில்தான் என்று ரீத்தா சொல்லியிருக்கிறாள்.

“கிழம நாள்ல இங்கன நிக்க முடியாது. நாலு பேரு பாத்துருவான். இன்னைக்கு ஞாயித்துக்கிழம. கடல்ல ஒரு வள்ளம் கிடையாது. அதான் ஒங்களுக்குக் காட்டுதேன்.”

கிறிஸ்தவ ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வலை போட மாட்டார்கள். காலையில் பூசை, மத்தியானம் நல்ல சாப்பாடு, அதோடு சரி. ஆகவே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எங்கள் வள்ளம் மட்டும்தான் இருந்தது. அண்ணன் குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். மூன்று மாதமாக வராத படம் கைக்கு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் பசிகூட மறந்துபோயிற்று. அந்தப் பென்சிலால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

மயில் தைத்த வருஷங்கள்

தூத்துக்குடியில் தையல்கடையை விட்டு வந்து, வீட்டில் சொந்தமாக மிஷின் போட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கடையில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் நான் உள் அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்வேன். கையில் மயில், முதுகில் மயில். எத்தனை மயில் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. துணி கொண்டுவந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை ‘உள்ளேன் ஐயா’ சொன்னதைத் தவிர நான் சத்தமாக ஒன்றும் சொன்னதில்லை.

மைமூனும் ரீத்தாவும் அந்தக் கடையில்தான் எனக்குப் பழக்கம். மைமூனுக்குக் காயல்பட்டினம். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவள் பேச ஆரம்பித்தால் கடைக்காரரே மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். ரீத்தா கணக்காகப் பேசுவாள், ஆனால் யாருக்கும் பயப்பட மாட்டாள். எனக்காகப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் இத்தனை வருஷமாக இவர்கள் இருவரும்தான் பேசினார்கள்.

புன்னைக்காயலில் ஊர்ப் பொதுமண்டபம் ஒன்று கட்டி முடிகிற நேரம் அது. மேடைக்குத் திரைச்சீலை வேண்டும், அதில் ஊர்ப் படம் இருக்க வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. ரீத்தா போய் என் பெயரைச் சொல்லிவிட்டாள். பெரிய துணியின்மேல் வேறு வேறு நிறத் துணிகளை வெட்டி வைத்துத் தைக்கிற வேலை. என் பெயரில் எனக்கு வந்த முதல் பெரிய வேலை அது. கிடைத்தால் இனிமேல் நான் பிளவுஸ் கையிலிருந்து மேடைக்குப் போய்விடலாம்.

மூன்று மாதத்தில் நாலு படம் வரைந்து அனுப்பினேன். கோயில், தென்னை, வள்ளம், பின்னால் கடலில் சூரியன். நாலும் திரும்பி வந்தன. கமிட்டியில் மரியான் அண்ணாச்சி என்று ஒருவர், மூன்று வள்ளம் வைத்திருப்பவர். காலண்டர் மாதிரி இருக்கிறது, இதற்கு மெட்ராஸில் கொடுத்து அச்சடித்தே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது.

கடைசித் தவணையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குறித்தார்கள். அன்றைக்கு ஜெபம் முடிந்து கமிட்டி கூடும்போது படம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அச்சுத் திரைதான்.

தூக்குச்சட்டியோடு கிளம்பினோம்

அந்த வாரம் முழுக்க நான் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மைமூன் போன் பண்ணினாள்.

“ஏளா கனி, சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தா சுவருதான் தெரியும். கிளம்பி வா. ரெண்டு நாள் ஊர் சுத்துவோம். படம் வந்தா வரட்டும், வராட்டி நான் வட்டலப்பம் கொண்டுவாரேன், தின்னுட்டு வருவோம்.”

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் கோயில் கல்யாணங்கள் இல்லை. வேலையும் குறைவு. சனிக்கிழமை காலையில் மூவரும் பஸ் ஏறினோம்.

முதலில் திருச்செந்தூர். நான் முருகனைக் கும்பிட்டு வரும்வரை அவர்கள் இருவரும் என் செருப்புக்குக் காவல் இருந்தார்கள். திரும்பி வந்தபோது மைமூன் ஒரு வளையல் கடைக்காரரிடம் பேசிப் பேசி, அவர் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பையனின் சம்பளம்வரை தெரிந்துவைத்திருந்தாள். பிறகு கடலில் கால் நனைத்தார்கள். நான் படியில் நின்றுகொண்டேன்.

கடல் எனக்கு எப்போதும் ஒத்துவந்ததில்லை. ஏரல் பக்கம் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. தண்ணீர் என்றால் எங்களுக்கு வாய்க்காலில் ஒரு பக்கமாக ஓடுவது. திறந்துவிட்டால் வரும், அடைத்தால் நிற்கும். ஏழெட்டு வயதில் இதே திருச்செந்தூரில் முதன்முதலாகக் கடலைப் பார்த்து, “இத யாரு அடப்பா?” என்று நான் அழுததாக அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதனால்தான் என் படங்களில் கடல் எப்போதும் பின்னால், தூரத்தில், ஒரு நீலக் கோடாக இருந்தது. இதுவும் பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

ராத்தங்கல் ரீத்தாவின் அண்ணன் வீட்டில். அண்ணனின் மனைவி லூர்து மதினி நண்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். மறுநாள் பூசை முடிந்ததும் வள்ளத்தில் ஒரு சுற்றுப் போகலாம் என்று அண்ணன் சொன்னபோது நான் குழம்பில் கவனமாக இருப்பதுபோல இருந்துவிட்டேன். மைமூன் எனக்கும் சேர்த்து வருவதாகச் சொல்லிவிட்டாள்.

கண்ணை மூடிக் கடந்த இடம்

புன்னைக்காயலில் வள்ளங்கள் ஆற்றில் நிற்கும். தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே மணல்மேடு ஒன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. அதன்மேல் அலை உடைந்து வெள்ளையாகப் புரளும். வள்ளம் மூக்கைத் தூக்கிய அந்த நொடியில் நான் கண்ணை மூடினேன். ரீத்தா, “தாண்டியாச்சு, தொறளா,” என்று சொன்ன பிறகுதான் திறந்தேன்.

அதற்குப் பிறகு கடல் சமமாக இருந்தது. திரும்பிக் கரையைப் பார்த்தேன்.

காலை வெயில் முழுதும் ஊரின்மேல் விழுந்திருந்தது. வள்ளம் போகப் போக ஊர் தானாக இடம் மாறிக்கொண்டிருந்தது. கோயில் உச்சியில் இருந்த குருசு, அதாவது சிலுவை, மெதுவாக நகர்ந்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போயிற்று. தெற்கே இருந்த இரட்டைப் பனை ஒன்றை ஒன்று நெருங்கியது. அண்ணன் எஞ்சினை நிறுத்திய இடத்தில் குருசு தொட்டியின் நட்டநடுவில் ஏறி நின்றது. இரட்டைப் பனை ஒற்றைப் பனையாகிவிட்டது.

பிளவுஸில் தோள் தையலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் பூ ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். ஒரு நூல் விலகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் செய்த வேலை அது. அந்தக் கண்ணுக்கு இந்தப் பொருத்தம் தப்புமா? அப்படியே வரைந்தேன்.

கடலைப் பின்னால் வைத்து ஊரை வரைந்ததுதான் இத்தனை நாள் செய்த தவறு. மண்டபத்தில் வந்து உட்காரப்போகிற ஆண்கள் பாதி நாள் கடலில் இருப்பவர்கள். அவர்கள் பார்க்கும் ஊர் இதுதான்.

கதவைச் சாத்தினார்

மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பெரிய காக்கித் தாளை விரித்தேன். தவழ்ந்து தவழ்ந்து வரைந்தேன். மைமூன் தாளின் முனையில் தூக்குச்சட்டியைப் பாரமாக வைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தார். படத்தைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிடித்துவிட்டது என்று நினைத்து நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“இத யாருகிட்டயும் காட்டினியா, தங்கச்சி?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“தொட்டி நடுவுல குருசு நிக்கி. ரெட்டப் பன ஒத்தப் பனையா நிக்கி. இத மேடையில தொங்கப் போட்டா, மறுநாள் காலைல எனக்கு முன்னால நாப்பது வள்ளம் அங்கன நிக்கும்.”

அப்போதுதான் அவர் விளக்கினார். கடலில் பார் இருக்கும் இடத்துக்குப் பலகை நட முடியாது. கரையில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் கூடும் இடத்தில் வள்ளம் நின்றால், கீழே பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படிச் சில அடையாளங்கள் உண்டு. அவற்றை வெளியே சொல்ல மாட்டார்கள். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜிபிஎஸ் வந்துவிட்டது, அதில் இடம் நம்பராக இருக்கும். அந்த நம்பரையும் சொல்ல மாட்டார்கள்.

“ஏடிஎம் நம்பர எனக்குச் சொல்லியிருக்காரு,” என்றார்கள் லூர்து மதினி அடுக்களையிலிருந்து. “இத இந்நாள்வரைக்கும் சொல்லல.”

பென்சிலைக் கீழே வைத்தேன். நம்பிக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய மனிதரின் இடத்தை நான் தாளில் விரித்து வைத்திருக்கிறேன். அதே சமயம், மூன்று மாதத்தில் எனக்கு வந்த ஒரே படம் இது.

மைமூனுக்கு எல்லாவற்றுக்கும் வழி உண்டு. “இதுக்குப் போயி ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய? தொட்டிய ரெண்டு விரக்கட தள்ளி வைளா கனி. ஆருக்குத் தெரியப் போவுது?”

அண்ணன் குனிந்து தொட்டியை விரலால் மறைத்தார். விரலை வடக்கே நகர்த்தினார். “இங்கன வச்சா எங்க சின்னையா மவன் பாரு.” தெற்கே நகர்த்தினார். “இங்கன வச்சா மரியான் அண்ணாச்சி பாரு. அவருதான் சாய்ங்காலம் மொத ஆளா உக்காருவாரு.”

முதலில் ரீத்தா சிரித்தாள். பிறகு அண்ணனே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டரை ஆகியிருந்தது.

அந்த இரண்டு நாளில் அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. எல்லாம் ரீத்தா வழியாகத்தான். இப்போது கேட்டேன்.

“அண்ணே, ஒளிச்சு வைக்காத இடம் ஒண்ணுகூடவா இல்ல?”

யோசித்தார். “மொகத்துவாரம் இருக்கு. மேட்டுல தட்டாம உள்ள வாரதுக்கு ஒரே வழிதான். அதுக்கும் அடையாளம் உண்டு. பச்சப் பிள்ளைக்கும் தெரியும். அதப் போயி யாரு படமா வரைவா?”

“நான் வரையுதேன்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அந்த இடத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன்.

நாலு மணி வெயில்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவை வள்ளத்தை எடுப்பதைப் பற்றி மதினி ஏதோ முணுமுணுத்தார்கள். அண்ணன் கேட்காததுபோல நடந்தார். இந்தத் தடவை மைமூன் வரவில்லை. தூக்குச்சட்டியைக் காரணம் சொன்னாள். அது காலையிலேயே காலியாகிவிட்டது.

வெளியே போகும்போது வள்ளத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர் முகத்தில் அடித்தது. வாயில் உப்பு. வேறு ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச தூரம் போய் அண்ணன் வள்ளத்தைத் திருப்பினார். மீன் ஏலக்கூடத்தின் மஞ்சள் விளக்குக் கம்பம் கோயில் குருசுக்கு நேர் கீழே வர வேண்டும், அதுதான் வழி என்றார். கம்பம் விலகித் தெரிந்தால் மேட்டின்மேல் போகிறோம் என்று அர்த்தம்.

முதல் தடவை எனக்கு அலை மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டேன். இரண்டாம் தடவை கம்பமும் குருசும் சேருவதைப் பார்த்தேன். மூன்றாம் தடவை கேட்டபோது அண்ணன் என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தார்.

“ஏளா ரீத்தா, ஒங்கூட்டாளி பயந்தவன்னுல்லா சொன்ன?”

மூன்றாம் தடவை வரைந்தேன்.

சூரியன் அதற்குள் ஊருக்குப் பின்னால் போயிருந்தது. காலையில் வெள்ளையும் பச்சையும் நீலமுமாக இருந்த ஊர் இப்போது ஒரே கருப்பு. கோயில், வீடுகள், பனை, கம்பம் எல்லாம் சேர்ந்து கத்தரிக்கோலால் வெட்டி வைத்ததுபோல ஒரே துண்டாக நின்றது. மேலே மஞ்சள் வானம். நடுவில் ஆறு மட்டும் பளபளவென்று உள்ளே போயிற்று. ஒரு பக்கம் மேட்டின்மேல் உடையும் அலையின் வெள்ளைக் கோடு. எனக்கு என்ன துணி, எத்தனை மீட்டர் என்பதுகூட அங்கேயே தெரிந்துவிட்டது. ஊருக்கு ஒரு கருப்பு, வானத்துக்கு இரண்டு மஞ்சள், அலைக்கு வெள்ளை. அவ்வளவுதான். நான் செய்த வேலைகளில் இவ்வளவு குறைந்த நிறத்தில் செய்தது வேறில்லை.

ஒரு கேள்வி

மண்டபத்தில் புதுப் பெயின்ட் வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். கரையேறியதும் இன்னொரு காக்கித் தாளில் பெரிதாக வரைந்திருந்த படத்தின் ஒரு முனையை மைமூனும் மறு முனையை ரீத்தாவும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மரியான் அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார்.

“இது எங்க நின்னு பாத்தது?”

ரீத்தா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “வரஞ்சவ சொல்லட்டும்.”

ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பின. பின்னால் சுவரோரம் பிரகாசம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் சாத்திய கதவு எனக்கு நினைவுக்கு வந்தது.

“வள்ளத்துல,” என்றேன். குரல் எனக்கே கேட்டது. “மொகத்துவாரத்துக்கு வெளிய. உள்ள வாரப்ப.”

அவர் எழுந்து வந்தார். படத்துக்கு நேராக நின்றார். ஒரு எட்டு வலது பக்கம் வைத்தார், பிறகு இடது பக்கம். தாளில் கம்பம் விலகுமா என்று பார்ப்பதுபோல இருந்தது. வெள்ளைக் கோட்டில் விரலை வைத்தார்.

“மேடு இங்கன இல்ல. ஒரு விரக்கட வடக்க ஏத்து. போன மழைக்குப் பொறவு மணலு தள்ளிட்டு.”

போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அச்சுத் திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் மணலைப் பற்றித்தான். ஒரு விரற்கடையா, ஒன்றரையா என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நாங்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தோம். “வாயில முத்து இருந்திச்சாளா, இத்தன வருசமா தொறக்காம வச்சிருந்த?” என்று மைமூன் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

முதலில் வரைந்த காக்கித் தாளை அண்ணனிடம் கொடுத்தேன். கிழிக்கப் போனவரிடமிருந்து மதினி வாங்கி மடித்து, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். இந்தப் பத்திரிகை புன்னைக்காயலுக்கும் போகிறது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொட்டி, இரட்டைப் பனை என்று மேலே எழுதியிருப்பது உண்மையான அடையாளம் இல்லை, மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அண்ணனிடம் போனில் படித்துக் காட்டினேன். அது அவர் பார் இல்லை என்று ஒத்துக்கொண்டார். யாருடையது என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

திரை இன்றைக்கும் அந்த மேடையில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூட மேடை ஒன்று, கல்யாண மண்டபம் இரண்டு. மயில் தைத்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் புன்னைக்காயல் வேலை மட்டும் முடிகிற வழியாக இல்லை. மழைக்காலம் கழிந்ததும் வருஷா வருஷம் மரியான் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். மணல் நகர்ந்துவிட்டது, திரையில் மேடு தப்பாக இருக்கிறது, வந்து மாற்று என்பார். நான் போய் அந்த வெள்ளைத் துணியைப் பிரித்து இடம் மாற்றித் தைப்பேன். பழைய ஊசித் துளைகள் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

போன வாரமும் கூப்பிட்டார். இந்தத் தடவை இரண்டு விரற்கடை தெற்கே, நீ வர வேண்டியதுகூட இல்லை, இங்கே ஒரு பிள்ளையை வைத்து மாற்றிக்கொள்கிறோம் என்றார்.

நான் என் கண்ணால் பார்க்காமல் என் துணியில் யாரும் ஊசி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வள்ளம் நிற்கும் என்றார்.